திலாப்பியாக் குஞ்சுக்கு ஒரு நாளைக்கு எத்தனை தரம் தீன் போட வேண்டும்?

வாழைத்தோட்டம்

வணக்கம். நீர்வேலியில் இருந்து எழுதுகிறேன். முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். அப்பா வாழைக்கு இறைப்பதற்காகக் கட்டிய இரண்டு சீமெந்துத் தொட்டிகள் எங்கள் வளவுக்குள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 12 அடி நீளம், 8 அடி அகலம். மூன்று அடி உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். அப்பா போன பிறகு அவை சும்மாதான் கிடந்தன. இந்தத் தை மாதம் வெடிப்புகளைப் பூசி, கழுவி, இரண்டிலும் 300 படி திலாப்பியாக் குஞ்சு விட்டேன். தம்புள்ளைப் பக்கம் இருந்து ஒட்சிசன் அடைத்த பைகளில் வந்தவை. வந்த அன்றே 50 குஞ்சுகளைச் சின்ன வாளியில் போட்டுச் சமையலறைத் தராசில் நிறுத்தேன். வாளியையும் தண்ணீரையும் கழித்தால் 51 கிராம். ஆக, குஞ்சு ஒன்று ஒரு கிராம் அளவில்.

முதலாம் தொட்டி கிணற்றடியில், வேம்புக்குக் கீழே இருக்கிறது. அதற்கு நான்தான் தீன் போடுவது. வேலைக்குப் போக முன் விடிய ஆறரைக்கு ஒரு கைப்பிடி, பின்னேரம் ஆறு மணிக்கு ஒரு கைப்பிடி. இரண்டாம் தொட்டி வெயிலில், அடுப்படி வாசலுக்கு நேரே இருக்கிறது. அது அம்மாவின் பொறுப்பு. அம்மா எத்தனை தரம் அந்த வழியால் போனாலும் குஞ்சுகள் அத்தனை தரமும் கரைக்கு ஓடி வரும். “பாவம், பசிக்குதாக்கும்” என்று கொஞ்சம் தூவிவிட்டுத்தான் நகருவார். ஆறு தரம், சில நாள் ஏழு தரம். கடைசித் தரம் இரவு எட்டு மணிக்கு, லைற் வெளிச்சத்தில்.

28 ஆம் நாள் இரண்டிலும் 30, 30 குஞ்சு பிடித்து நிறுத்தேன். முதலாம் தொட்டியில் சராசரி 3.2 கிராம். ஆனால் 9 கிராம் உள்ள குஞ்சும் இருந்தது, ஒன்றரை கிராமில் நிற்பதும் இருந்தது. அண்ணன் தம்பி என்று சொல்ல முடியாத அளவு வித்தியாசம். இரண்டாம் தொட்டியில் சராசரி 4.1 கிராம், எல்லாம் 3 கிராமுக்கும் 6 கிராமுக்கும் இடையில். பார்க்க வடிவாக இருந்தது.

அம்மா வென்றுவிட்டார் என்று நினைத்திருப்பேன். ஆனால் அதற்கு நான்கு நாள் முன்பு, விடிய ஐந்தரைக்கு எழும்பிப் போனபோது, அந்த இரண்டாம் தொட்டிக் குஞ்சுகள் முழுவதும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றன. ஏழு செத்து மிதந்தன. பதறிப்போய்க் கிணற்று மோட்டரைப் போட்டு உயரத்தில் இருந்து தண்ணீர் கொட்ட விட்டேன். ஒரு மணித்தியாலத்தில் தெளிந்து கீழே இறங்கிவிட்டன. முதலாம் தொட்டியில் ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீருக்குள் காற்று ஊதும் காற்று மோட்டர் இருக்கிறது, இரண்டு தொட்டிக்கும் ஒன்று. பகலில் ஓட விட்டு, கரண்ட் காசை நினைத்து இரவில் நிறுத்துவேன்.

குஞ்சு தந்தவர் இரண்டு தரம் போதும் என்றார். தீன் விற்றவர் எட்டுத் தரம் என்றார். நான் 10 கிலோச் சாக்கு ஒன்று வாங்கினேன், இப்போது 4.2 கிலோ மிச்சம் இருக்கிறது. அடுத்த சாக்கு வாங்க முன் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். கனக்கத் தரம் போட்டால் உண்மையிலேயே வளர்ச்சி கூடுமா? கூடும் என்றால் அந்த ஏழும் ஏன் செத்தன? நான் பகல் பன்னிரண்டரை வரை வீட்டில் இல்லை என்பதையும் நினைத்துப் பதில் சொல்லுங்கள்.

கொடிகாமம் குளத்தடி

நான் நாலு வருடமாக இரண்டு தரம்தான் போடுகிறேன். விடிய ஒன்பது மணிக்கும் பின்னேரம் நாலு மணிக்கும். என் மீன் வடிவாகத்தான் வளர்கிறது. ஆனால் என்னுடையது மண் குளம். மாட்டெரு போட்டுத் தண்ணீரைப் பச்சையாக்கி வைத்திருக்கிறேன். கையை முழங்கை வரை விட்டால் விரல் தெரியாது. திலாப்பியா அந்தப் பாசியையும் நுண்ணுயிரையும் பகல் முழுக்க மேய்ந்துகொண்டே இருக்கும். நான் போடுகிற தீன் மேலதிகம்தான். உங்கள் சீமெந்துத் தொட்டியில் மேய்வதற்கு என்ன இருக்கிறது? கிணற்றுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆகையால் என் கணக்கை உங்கள் தொட்டிக்கு எடுக்க வேண்டாம். குஞ்சு தந்தவர் குளத்தை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

அச்சுவேலித் தொட்டிக்காரன்

பிள்ளை, முதலில் ஒன்று சொல்கிறேன். குஞ்சை நிறுத்துப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்டிருக்கிறீர். பதினொரு வருடம் குஞ்சு வளர்க்கும் இடத்தில் வேலை செய்தேன், இப்போது சொந்தமாக நாலு தொட்டி வைத்திருக்கிறேன். என்னிடம் கேட்க வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் “பெரிசா வளரேல்லை” என்று மட்டும்தான் சொல்வார்கள். உம்மிடம் எண் இருக்கிறது, அதனால் பதில் சொல்லலாம்.

எத்தனை தரம் என்பதைப் பிறகு பார்ப்போம். எவ்வளவு போட்டீர்? குஞ்சை நிறுத்த நீர் தீனை நிறுக்கவில்லை. கைப்பிடி என்று எழுதியிருக்கிறீர். நொறுக்குத் தீனில் பெண்பிள்ளையின் கைப்பிடி ஒன்று 40 கிராம் வரும். ஒரு நாளைக்கு இரண்டு கைப்பிடி என்றால் 80 கிராம். முதல் நாள் அந்தத் தொட்டியில் நின்ற மீன் முழுவதும் சேர்த்தே 300 கிராம்! ஒரு கிராம் குஞ்சுக்கு உடல் எடையில் நூற்றுக்கு எட்டுப் பங்கு போதும், அதாவது 24 கிராம். நீர் மூன்று மடங்குக்கு மேல் போட்டிருக்கிறீர். அம்மா இன்னும் கூடப் போட்டிருப்பார்.

சாக்குக் கணக்கும் அதைத்தான் சொல்கிறது. 5.8 கிலோ முடிந்திருக்கிறது. இரண்டு தொட்டியிலும் மீன் கூடிய எடை எவ்வளவு? முதலாவதில் 660 கிராம், இரண்டாவதில் 900 கிராம் வரை. மொத்தம் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேலே. ஒரு கிலோ மீன் வளர 3.7 கிலோ தீன். இந்த வயதுக் குஞ்சுக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போனாலே எனக்கு மனம் கேட்காது. மிச்சம் எங்கே போனது? அடியில் போய் அழுகியது. அழுகுவதற்கும் ஒட்சிசன் வேண்டும், பிள்ளை. அந்த ஒட்சிசனைத்தான் விடியப்புறம் உமது குஞ்சுகள் மேலே வந்து தேடின.

அம்மாவைக் குறை சொல்லவில்லை. அவர் செய்ததில் பாதி சரி. சின்னக் குஞ்சின் வயிறு சின்னது. ஒரே தரத்தில் நாள் முழுவதற்கும் வேண்டியதை அதால் வாங்க முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போட்டதால்தான் அவருடைய தொட்டியில் எல்லாம் ஒரே அளவில் நிற்கின்றன. உமது தொட்டியில் இரண்டு தரம்தான் தீன் வரும்; பெரியது நாலு முன்னுக்கு வந்து தின்றுவிடும், சின்னது ஓரத்தில் நிற்கும். இன்றைக்குத் தின்றது நாளைக்கு இன்னும் பெரிசாகும். ஒரு மாதத்தில் 9 கிராமும் ஒன்றரை கிராமும் அப்படித்தான் வந்தது. பிழை என்றால் இரண்டு. ஒன்று, அளவு இல்லாமல் போட்டது. மற்றது, இரவு எட்டு மணி.

தின்ற மீன் தின்னாத மீனை விடக் கூட மூச்சு வாங்கும். சமிபாட்டுக்கு ஒட்சிசன் வேண்டும், தின்ற பிறகு பல மணித்தியாலம் அது கூடியே நிற்கும். பகலில் பரவாயில்லை, வெயில் தொட்டியில் பாசி ஒட்சிசன் விடும். இருட்டினால் பாசியும் மீனைப் போல ஒட்சிசனை எடுக்கத் தொடங்கும். இரவு முழுக்கக் குறைந்து குறைந்து, சூரியன் எழும்புவதற்கு முன்தான் மிகக் கீழே நிற்கும். அந்த நேரத்தில் மீனின் வயிறு வெறுமையாக இருக்க வேண்டும். நீர் காற்று மோட்டரைப் பகலில் ஓட்டி இரவில் நிறுத்துகிறீர். மாற்றிப் போடும். இன்றைக்கே மாற்றும். இரவு பத்து மணி தொடக்கம் விடிய ஏழு மணி வரை ஓட வேண்டும். காசு மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் பகலில் நிறுத்தும்.

உமது விடிய ஆறரைத் தீனும் நல்ல நேரம் இல்லை. வெயில் ஏறி, மீன் சுறுசுறுப்பாக ஓடத் தொடங்கிய பிறகு, எட்டரை ஒன்பதுக்குத்தான் முதல் தீன். கடைசித் தீன் ஐந்து மணிக்குள் முடிய வேண்டும்.

2022 இல் மின்வெட்டு வந்தது நினைவு இருக்கும். பங்குனிக் கடைசியில் நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. ஜெனரேற்றருக்கு டீசலும் இல்லை. அந்த நேரம் என்னுடைய நாலு தொட்டியிலும் மீன் நின்றது. நான் செய்தது ஒன்றே ஒன்று: தீனைப் பாதியாக்கினேன், அதையும் மத்தியானத்துக்குள் போட்டு முடித்தேன். இருமுறை இரவில் எழும்பி வாளியால் தண்ணீர் அள்ளி அள்ளி ஊற்றினோம், நானும் மனைவியும். வளர்ச்சி குறைந்தது, உண்மை. ஒரு மீனும் சாகவில்லை. தீனைக் குறைத்தால் மீன் மெலியும், கூட்டினால் சாகும். மெலிந்ததைப் பிறகு தேற்றலாம்.

சரி, இப்போது தரத்துக்கு வருவோம். நான் வைத்திருக்கிற கணக்கு இது. ஒரு கிராமுக்குக் கீழே உள்ள பொடிக் குஞ்சுக்கு எட்டுத் தரம் வரை. ஒன்று தொடக்கம் ஐந்து கிராம் வரை உடல் எடையில் நூற்றுக்கு ஆறு தொடக்கம் எட்டு, அதை நாலு தொடக்கம் ஆறு தரமாகப் பிரிக்க வேண்டும். ஐந்து தொடக்கம் இருபது கிராம் வரை நாலு தொடக்கம் ஆறு, மூன்று நாலு தரம். இருபதில் இருந்து நூறு கிராம் வரை மூன்று நாலு வீதம், இரண்டு மூன்று தரம். நூறைத் தாண்டினால் இரண்டு தொடக்கம் மூன்று வீதம், விடிய ஒன்று பின்னேரம் ஒன்று போதும். மீன் வளர வளர வீதமும் குறையும், தரமும் குறையும். ஆனால் மொத்தக் கிராம் கூடிக்கொண்டு போகும். இதில்தான் ஆட்கள் குழம்புவது.

உமது முதலாம் தொட்டியில் இப்போது 960 கிராம் மீன். ஆறு வீதம் என்றால் நாளைக்கு 58 கிராம். இரண்டாவதில் 1,200 கிராம், 72 கிராம் தீன். நாலாகப் பிரியும்: ஒன்பது, பதினொன்றரை, இரண்டு, நாலரை. நீர் வர முன் இரண்டு தரம் அம்மா போடுவார். அம்மாவிடம் சாக்கைக் கொடுக்க வேண்டாம். இரவே நிறுத்துச் சின்ன மருந்துப் போத்தல்களில் போட்டு அடுப்படியில் அடுக்கிவிடும். மீன் எத்தனை தரம் ஓடி வந்தாலும் போத்தல் முடிந்தால் முடிந்ததுதான். மீன் ஓடி வருவது பசியால் மட்டும் இல்லை. அம்மாவின் நிழலைக் கண்டால் தீன் வரும் என்று பழகிவிட்டது. நிறையத் தின்ற மீனும் அப்படித்தான் ஓடி வரும்.

ஒவ்வொரு ஞாயிறும் 30 குஞ்சு பிடித்து நிறுத்துத் தீன் கணக்கை மாற்றும். நிறுக்கிற அன்று விடிய தீன் போட வேண்டாம். அடியில் படிந்திருப்பதைக் குழாயால் உறிஞ்சி வாழைக்கு விடும். வாழைக்கு அது நல்ல எரு.

குருநகர் மாணவி

அக்கா, நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மீன்பிடி விஞ்ஞானம் படிக்கிறேன். ஐயா சொன்ன எல்லாம் சரி. உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் சேர்க்கிறேன்.

திலாப்பியாவின் இரைப்பை சின்னது, குடல் உடல் நீளத்தைப் போலப் பல மடங்கு. இயற்கையில் அது பகலில் நிற்காமல் மேய்கிற மீன். கெண்டை இனங்களுக்கு இரைப்பையே கிடையாது, அதனால் அவற்றின் குஞ்சுக்கும் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான். கொடுவா மாதிரி வேட்டையாடும் மீனுக்குப் பெரிய இரைப்பை. ஒரே தரத்தில் கூட விழுங்கி வைத்திருக்கும். ஆகையால் “மீன் குஞ்சுக்கு எத்தனை தரம்” என்று பொதுவாகக் கேட்டால் பதில் இல்லை. எந்த மீன், எந்த அளவு, எந்த வெப்பநிலை என்று கேட்க வேண்டும். 28 பாகைத் தண்ணீரில் குஞ்சின் இரைப்பை சில மணித்தியாலத்தில் வெறுமையாகும். மார்கழியில் தண்ணீர் குளிர்ந்தால் அதே சமிபாட்டுக்குக் கூட நேரம் எடுக்கும், அப்போது தரத்தையும் குறைக்க வேண்டும்.

தரத்தைக் கூட்டக் கூட்ட வளர்ச்சி ஓர் எல்லை வரை கூடும், பிறகு நின்றுவிடும். இரைப்பை வெறுமையாக முன்பே அடுத்த தீன் போய்ச் சேர்ந்தால், ஒன்றில் மீன் தின்னாது, இல்லாவிட்டால் முன்னைய தீன் சரியாகச் சமிக்காமல் குடலைக் கடந்து போகும். அந்த எல்லைக்குப் பிறகு நீங்கள் கூட்டுவது வேலையும் அழுக்கும்தான்.

அமோனியாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். புரதம் 32 வீதம் உள்ள தீன் ஒரு கிலோ தின்றால் மீன் ஏறக்குறைய 30 கிராம் அமோனியாவைத் தண்ணீருக்குள் விடும். குஞ்சுத் தீனில் புரதம் அதை விடக் கூட. அந்த அமோனியாவில் நஞ்சாக இருக்கும் பங்கு தண்ணீரின் காரத்தன்மையைப் பொறுத்தது. அதைக் காட்டும் எண்தான் பீஎச். பீஎச் 7 என்றால், 28 பாகையில், அது ஒரு வீதத்துக்கும் குறைவு. பீஎச் 8 என்றால் ஆறு ஏழு வீதம். பீஎச் 9 என்றால் 40 வீதம். எங்கள் குடாநாட்டுக் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் இருக்கின்றன, தண்ணீர் இயல்பாகவே காரப் பக்கம். அதோடு வெயில் தொட்டியில் பாசி கூடினால் பின்னேரத்தில் பீஎச் இன்னும் ஏறும். ஆகையால் வேறு இடத்தில் தப்பிக்கிற அதே அளவுத் தீன் கழிவு எங்கள் தொட்டியில் மீனைத் தாக்கும். ஒட்சிசனும் அப்படி. 28 பாகையில் தண்ணீர் நிறையப் பிடித்து வைத்தாலும் லீற்றருக்கு 8 மில்லிகிராமுக்குக் கிட்டத்தான். கையிருப்புச் சின்னது.

அக்கா, ஒரு விடயத்தில் உங்களோடு உடன்படவில்லை. இரண்டு தொட்டியையும் ஒப்பிட்டு “ஆறு தரம் நல்லது” என்று சொல்ல முடியாது. ஒன்று வேம்பு நிழலில், மற்றது வெயிலில். வெயில் தொட்டியில் தண்ணீர் சூடு கூட, பாசியும் கூட. அதுவே வளர்ச்சியைக் கூட்டும். அம்மா மொத்தமாகவும் கூடப் போட்டிருக்கிறார். தரமா, அளவா, வெயிலா என்று பிரித்துப் பார்க்க வழி இல்லை.

உங்களுக்கு விருப்பம் இருந்தால் ஒன்று செய்யலாம். நுளம்பு வலையில் ஆறு சின்னக் கூடுகள் தைத்து ஒரே தொட்டிக்குள் தொங்க விடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே அளவில் தெரிந்தெடுத்த 30 குஞ்சு. ஆறுக்கும் ஒரு நாளைக்கு ஒரே கிராம் தீன். மூன்று கூட்டுக்கு இரண்டு தரமாக, மூன்று கூட்டுக்கு நாலு தரமாக. எந்தக் கூடு எங்கே தொங்குவது என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள், நிழல் ஒரு பக்கத்துக்கே போகாது. ஒவ்வொரு விதத்திலும் ஒரு கூடு மட்டும் வைத்தால் அதிர்ஷ்டம் எது, தரம் எது என்று தெரியாது. மூன்று இருந்தால் தெரியும். வலையை நாலு நாளைக்கு ஒருக்கால் தேய்த்துக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் பாசி அடைத்துத் தண்ணீர் ஓடாது.

பண்ணைக் கடல்

மண்டைதீவுப் பக்கம் கூட்டில் கொடுவா வளர்க்கிறேன். எங்கள் மீனில் இது உயிர்ப் பிரச்சினை. கொடுவாக் குஞ்சு பசித்தால் பக்கத்தில் நிற்கிற குஞ்சை விழுங்கும். தன் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை உள்ளதை விழுங்கும். ஆகவே சின்ன வயதில் வயிறு காய விடக்கூடாது, அதோடு கிழமைக்கு ஒருக்கால் பெரிசு சின்னன் பிரிக்க வேண்டும். தரத்தை மட்டும் கூட்டிப் பிரிக்காமல் விட்டு, ஒரு கூட்டில் பாதிக் குஞ்சை இழந்திருக்கிறேன். மேலே மிதந்த உடல் ஒன்றும் இல்லை. எங்கே போனது என்று இரண்டு நாள் வலையில் ஓட்டை தேடினேன்.

திலாப்பியா அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் தங்கச்சி உமது முதலாம் தொட்டியில் 9 கிராமும் ஒன்றரை கிராமும் ஒன்றாக நிற்கின்றன. தரத்தை இப்போது கூட்டினாலும் அந்த இடைவெளி தானாக மூடாது. முதலில் பிரியும். பெரியதை ஒரு பக்கம் வலை மறித்து விடும்.

வாழைத்தோட்டம்

எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்னதைப் படித்த அன்றே கைப்பிடியை நிறுத்துப் பார்த்தேன். 43 கிராம். அதைக் கண்டதும் அந்த ஏழு குஞ்சையும் நினைத்து மனம் வருந்தியது. அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப போத்தலை எடுத்து வா” என்றார். காற்று மோட்டரை இரவுக்கு மாற்றிவிட்டேன். பெரியதைப் பிரித்துவிட்டேன். கூடுகளை அம்மா தைக்கிறார்.

வாழைத்தோட்டம்

ஆறு கிழமைக்குப் பிறகு வருகிறேன். பரிசோதனை முடிந்தது.

இரண்டாம் தொட்டிக்குள் ஆறு கூடு, ஒவ்வொன்றிலும் 30 குஞ்சு, தொடக்கத்தில் சராசரி 3.5 கிராம். 0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்கினேன். இரவில் பிள்ளைகளின் வேலைகளைத் திருத்திவிட்டுத் தீன் நிறுப்பேன். இரண்டு தரத்துக்குச் சிவப்பு மூடிப் போத்தல், நாலு தரத்துக்கு வெள்ளை மூடி. அம்மா ஒரு தரமும் தவறவிடவில்லை. ஒரு நாள் காய்ச்சலோடு குடை பிடித்துக்கொண்டு போய்ப் போட்டிருக்கிறார்.

28 நாள் முடிய, இரண்டு தரக் கூடுகளில் சராசரி 8.1, 8.6, 8.3 கிராம். நாலு தரக் கூடுகளில் 9.4, 8.5, 9.2. நாலு தரத்தில் ஒரு கூடு இரண்டு தரத்தின் நல்ல கூட்டை விடக் கீழே நிற்கிறது. ஆகையால் சராசரியில் பெரிய வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு குஞ்சாக நிறுத்தபோதுதான் வித்தியாசத்தைக் கண்டேன். இரண்டு தரக் கூடுகளில் 4 கிராமும் இருந்தது, 16 கிராமும் இருந்தது. நாலு தரத்தில் எல்லாம் 6 தொடக்கம் 12 வரை. மூன்று கூட்டிலும் அப்படியே. ஒரே அளவுக் குஞ்சைத் தெரிந்து விட்டும், ஒரே கிராம் தீன் போட்டும், நாலே கிழமையில் இந்த இடைவெளி வந்துவிட்டது. சந்தைக்குக் கொண்டு போகும்போது ஒரே அளவு மீனுக்குத்தான் விலை என்பதை நினைத்தால், எனக்கு இது சராசரியை விடப் பெரிய விடயம்.

தீன் கணக்கு: இரண்டு தரத்தில் கிலோ மீனுக்கு 1.7 கிலோ, நாலு தரத்தில் 1.5. முன்பு 3.7 ஆக இருந்தது. இதில் தரத்தால் வந்த மிச்சம் கொஞ்சம்தான். நிறுத்துப் போட்டதால் வந்ததுதான் கனக்க. ஐயா முதல் வரியிலேயே அதைச் சொல்லிவிட்டீர்கள். ஒரு குஞ்சு மட்டும் செத்தது, அதுவும் வலைக் கூட்டில் இருந்து பாய்ந்து வெளியே விழுந்தது. விடியப்புறம் மேலே வந்து வாய் திறக்கும் காட்சி இன்று வரை இல்லை.

இப்போது 9 கிராம் வந்துவிட்டதால் மூன்று தரமாக மாற்றியிருக்கிறேன். மாணவித் தங்கச்சிக்கு ஒரு கேள்வி: பெரிதாக நிற்பவை ஆணா? ஐயாவுக்கு ஒரு கேள்வி: இந்த வேகத்தில் போனால் எப்போது பிடிக்கலாம்? மழை மூட்டமான நாளில் என்ன செய்வது?

குருநகர் மாணவி

அக்கா, மூடிக்குக் கூட நிறம் பிரித்து வைத்திருக்கிறீர்கள், மிகச் சந்தோசம். ஆம், திலாப்பியாவில் ஆண்தான் வேகமாக வளரும். பெண் முட்டையை வாயில் அடைகாக்கும்; அந்த நாட்களில் தீனைத் தொடாது. ஆனால் 9 கிராமில் அந்த வித்தியாசம் இன்னும் பெரிதாக வெளிப்படாது. உங்கள் 16 கிராம் குஞ்சுகள் பெரும்பாலும் முன்னுக்கு வந்து தின்றவை. மூன்று நாலு மாதம் போக, கீழ்ப்பக்கத் துவாரத்தைப் பார்த்து ஆண் பெண் பிரிக்கலாம். அப்போது பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் தொட்டிக்குள்ளேயே குஞ்சு பொரித்து, நீங்கள் போடும் தீனை அவை பங்கு போடும்.

அச்சுவேலித் தொட்டிக்காரன்

பிள்ளை, அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லும்.

மழை மூட்டம் என்றால் பாசி விடும் ஒட்சிசன் குறையும். அன்றைக்குப் பாதித் தீன், பத்து மணிக்குப் பிறகு, இரண்டு தரம். காற்று மோட்டர் பகலிலும் ஓடட்டும். முதல் போத்தலைப் போட்டு ஐந்து நிமிடத்தில் தின்று முடிக்காவிட்டால் மற்றதைத் திறக்க வேண்டாம்.

பிடிக்கிறதைப் பற்றி. உமது மீன் 200, 250 கிராம் வருகிற நேரம் நல்லூர்த் திருவிழாவாகத்தான் இருக்கும். அந்த 25 நாளும் எங்கள் ஆட்களில் பாதிப்பேர் மச்சம் தொட மாட்டார்கள், விலை விழும். அவசரப்பட்டு விற்க வேண்டாம். அந்த நாட்களில் உடல் எடையில் ஒரு வீதம் மட்டும், நாளைக்கு ஒரு தரம், விடிய ஒன்பதுக்குப் போட்டு வைத்திரும். மீன் மெலியாது, தண்ணீரும் கெடாது, தீன் காசும் மிஞ்சும். தீர்த்தம் முடிந்து ஒரு கிழமை போகட்டும். பிடிப்பதற்கு முந்திய நாள் முழுக்கத் தீன் நிறுத்தி, பிடிக்கிற அன்று புதுத் தண்ணீர் ஓட விட்டுப் பிடியும். வயிறு வெறுமையாக இருந்தால் மீன் கன நேரம் கெடாமல் நிற்கும். எனக்கு ஒரு நாள் முன் சொன்னால் பெரிய வலையைக் கொண்டு வருகிறேன்.